துணைக்காலுக்குக் கால் வெச்ச கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மில்பிடாஸ்ல இருக்கற ஒரு சைன் கடைக்குப் போய், ஒரு பேனரும் கொஞ்சம் மெனு கார்டும் பிரிண்ட் பண்ணி வாங்கிட்டு வரணும்.

அவ்வளவுதான். பால் வாங்கிட்டு வர்ற மாதிரி வேலை.

பால் வாங்கப் போயிருந்தா இவ்வளவு பேர் முன்னாடி பட்டுப்புடவையோட ஏணியில நின்னிருக்க மாட்டேன்.

கதை தொண்ணூத்தெட்டுல நடந்தது. அப்போ நாங்க ஃப்ரீமான்ட்ல ஒரு அபார்ட்மென்ட்ல இருந்தோம். என் வீட்டுக்காரர் சேகர் ஒரு சிப் கம்பெனியில வேலை. நான் டிபெண்டன்ட் விசா. வேலைக்குப் போகக் கூடாது, ஆனா படிக்கலாம். சரி, சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஏதாவது படிப்போம்னு பக்கத்துல இருந்த கம்யூனிட்டி காலேஜ்ல டைப்போகிராஃபி க்ளாஸ்ல சேர்ந்துட்டேன். எழுத்து வடிவமைக்கற க்ளாஸ்.

டீச்சர் பேரு டோரத்தி. அறுபது வயசு. காதுல '&' குறி ஷேப்ல கம்மல் போட்டிருப்பாங்க. அவங்களுக்கு உலகத்துல ரெண்டே ஜாதி எழுத்துதான். செரிஃப் இருக்கறது, செரிஃப் இல்லாதது.

செரிஃப்னா வேற ஒண்ணுமில்ல. இங்கிலீஷ் எழுத்தோட காலுக்குக் கீழே சின்னதா பாதம் மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கும் இல்லையா, பேப்பர்ல எல்லாம் பார்த்திருப்பீங்க, அதுதான்.

"செரிஃப் இருந்தாதான் எழுத்து தரையில ஊணி நிக்கும். பெரிய சைஸ்ல, கனமா, செரிஃப்போட ஒரு தலைப்பு போட்டுப் பாருங்க. ரோட்டுல போறவன் நின்னு படிப்பான்"னு டோரத்தி மேஜையைத் தட்டிச் சொன்னாங்க.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. வீட்டுக்கு வந்து தமிழ் எழுத்தைப் பார்த்தேன். பாவமா இருந்தது. எல்லாம் வெறுங்காலோட நின்னுட்டு இருந்தது!

அப்ப முடிவு பண்ணினேன். தமிழுக்கு ஒரு தடிமனான செரிஃப் ஃபாண்ட் நான் செஞ்சே தீருவேன்.

ஆறு மாசம். காலையில சேகர் ஆஃபீஸ் போனதும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா சாயங்காலம் அவர் வர்ற வரைக்கும் மௌஸைப் பிடிச்சு வளைவை இழுத்துட்டு இருப்பேன். 'ழ' ஒண்ணுக்கு மட்டும் பதினோரு நாள் ஆச்சு. அந்த வால் வளைவு சரியா வந்த அன்னைக்கு வீட்டுல கேசரி பண்ணினேன்.

'இ', 'ஞ' எல்லாம் அழ வெச்சுது. ஆனா ஒரே ஒரு சமாச்சாரம் மட்டும் ரொம்ப ஈஸியா முடிஞ்சுது. 'கா', 'மா', 'பா' எல்லாத்துலயும் பக்கத்துல வர்ற துணைக்கால் இருக்கே, அதை ஒரு தடவை வரைஞ்சா போதும். எல்லா எழுத்துக்குப் பக்கத்துலயும் அதே வந்து உக்காந்துக்கும். 'கோ', 'போ'வுக்கும் அதேதான். பத்து நிமிஷத்துல வரைஞ்சு, கீழே அழகா, இடது பக்கமா சாய்ச்சு, கனமா ஒரு பாதம் வெச்சேன்.

பார்க்கவே ஒரு மிடுக்கு!

ஃபாண்டுக்குப் பேரு 'உமா போல்ட்'. எம் பேருதான். அடக்கமெல்லாம் அப்போ நமக்குப் பழக்கமில்லை.

சேகர் பார்த்துட்டு, "நல்லாருக்கு. ஆனா 'உமா ரெகுலர்'னு ஒண்ணு வர்றதுக்கு வாய்ப்பிருக்கா? எனக்காகக் கேக்கறேன்"னார்.

பொறாமைன்னு விட்டுட்டேன்.

அந்த நேரம் பார்த்துதான் முருகேசன் வீட்டுக்கு வந்தார். சேகரோட ஃப்ரெண்ட். மதுரைக்காரர். பத்து வருஷம் இன்ஜினியரா இருந்துட்டு, வேலையை விட்டுட்டு, மௌரி அவென்யூ பக்கத்துல டிபன் கடை போடறேன்னு கிளம்பின மனுஷன். அவர் நம்பி இறங்கினது அவங்க அம்மா கைப்பக்குவத்தை. அம்மா விசிட்டர் விசாவுல ஆறு மாசத்துக்கு வந்திருந்தாங்க. கடைக்கும் அவங்க பேருதான். நாகம்மாள் மெஸ்.

"சிஸ்டர், போர்டு வர்றதுக்கு சிட்டி பர்மிட் லேட்டாகுது. அதுவரைக்கும் ஒரு பேனர் மாட்டணும். தமிழ்ல, நம்ம ஊர் மாதிரி கனமா இருக்கணும். எங்க அம்மா பேரு இல்லையா"ன்னு முருகேசன் சொல்லிட்டு இருக்கும்போதே நான் ப்ரின்டவுட் எடுத்து நீட்டிட்டேன்.

"அட, ஜம்முன்னு இருக்கே!"ன்னார்.

"இது செரிஃப்"ன்னேன்.

"எதுவா இருந்தா என்ன சிஸ்டர், போட்டுடுங்க"ன்னார்.

அம்மாவையும் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நாலரை அடி உயரம், கட்டைக் குரல். நான் "வணக்கம் ஆன்ட்டி"ன்னதும், "ஆன்ட்டி கீன்ட்டியெல்லாம் எனக்கு வராது, அம்மான்னே கூப்புடுத்தா"ன்னாங்க. சின்ன வயசுல பள்ளிக்கூடம் போனதில்லையாம். அம்பது வயசுக்கு மேல, ஊர்ல ராத்திரி வகுப்புக்குப் போய் எழுத்துக் கத்துக்கிட்டாங்களாம்.

"இங்கிட்டு வந்து ரெண்டு வாரமாச்சு. படிக்கிறதுக்கு ஒரு போர்டு கிடையாது. எல்லாம் இங்கிலீஷு. அரிசி மூட்டையில இருக்குற தமிழை மூணு வாட்டி படிச்சுட்டேன்"னு சலிச்சுக்கிட்டாங்க.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க பேரையே பன்னெண்டு அடிக்கு எழுதிக் காட்டறேன்"னு வீறாப்பா சொல்லிட்டு வந்தேன்.

சரி, இப்போ அன்னைக்கு வேலைக்கு வருவோம்.

லைசென்ஸ் வாங்கி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. ஃப்ரீவேல ரைட் லேனைப் பிடிச்சு, ரெண்டு ட்ரக்குக்கு நடுவுல, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுட்டே மில்பிடாஸ் போய்ச் சேர்ந்தேன். பின்னாடி வந்த ட்ரக்குக்காரன் ஹார்ன் அடிச்சு எனக்கு மங்களம் பாடினதெல்லாம் தனிக்கதை.

சைன் கடையில கவுண்டர்ல இருந்தவர் பேரு டக். பெரிய மீசை, சாந்தமான முகம். ஃப்ளாப்பியை வாங்கி கம்ப்யூட்டர்ல போட்டார். ஸ்க்ரீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது என்ன பாஷை? போலிஷ்ஷா?"

எட்டிப் பார்த்தேன். நாகம்மாள் இருக்க வேண்டிய இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா, பூனை கீபோர்டு மேல நடந்த மாதிரி இருந்தது. அந்தக் காலத்துல தமிழ் ஃபாண்ட் கம்ப்யூட்டர்ல இல்லேன்னா அப்படித்தான் தெரியும்.

ஆனா நான் யாரு? இதெல்லாம் எதிர்பார்த்து ரெண்டாவது ஃப்ளாப்பியில ஃபாண்டைக் கொண்டு போயிருந்தேன்! எடுத்துக் கொடுத்தேன். டக் ஏத்தினார். ஸ்க்ரீன்ல 'உமா போல்ட்' எழுந்து நின்னுது.

"வாவ்"னார் டக்.

எனக்கு அரை அடி வளர்ந்த மாதிரி ஆயிடுச்சு.

ஒரு பெரிய தாள்ல ப்ரூஃப் எடுத்து கவுண்டர் மேல விரிச்சார். "நல்லா செக் பண்ணிக்கோங்க மேடம். நீங்க சைன் பண்ணிட்டா அப்புறம் தப்புன்னு சொல்ல முடியாது."

பேனர்ல மொத்தம் ரெண்டு வரி. மேலே 'நாகம்மாள் மெஸ்'. கீழே கொஞ்சம் சின்னதா 'மதுரை டிபன், காபி. நல்வரவு'. இதைச் செக் பண்ண எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு. 'க' வளைவு எப்படி வந்திருக்கு? மெலிசான கோடு உடைஞ்சிருக்கா? 'ழ' இல்லையேன்னு ஒரு வருத்தம் வேற. பதினோரு நாள் உழைச்ச எழுத்து, ரெண்டு வரியில ஒரு இடத்துல கூட வரலை!

வளைவு, தடிமன், இடைவெளி எல்லாம் பார்த்தேன். படிக்கலை. என்னத்தைப் படிக்கறது? நான் எழுதினதுதானே!

டக் குனிஞ்சு தாளையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் 'நாகம்மாள்'ல இருந்த துணைக்காலை ஒரு விரலால தொட்டார். 'நல்வரவு'ல இருந்த 'ர'வை இன்னொரு விரலால தொட்டார்.

"இது ரெண்டும் ஒரே எழுத்தா மேடம்?"

நான் ஒரு சிரிப்பு சிரிச்சேன் பாருங்க. விவரம் தெரியாத குழந்தையைப் பார்த்து சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"இல்லை இல்லை, அது வேற, இது வேற. உங்களுக்குத் தமிழ் தெரியாதில்லையா, அதனால ஒரே மாதிரி தெரியுது."

"ஓ, சாரி"ன்னார் மனுஷன்.

கையெழுத்து போட்டேன்.

கடை திறப்பு ஞாயித்துக்கிழமை காலையில. பத்தரை வரைக்கும்தான் நல்ல நேரம். ஒன்பதே முக்காலுக்கே நாப்பது ஐம்பது பேர் பார்க்கிங் லாட்ல நின்னுட்டு இருந்தாங்க. உள்ளே இருந்து சாம்பார் வாசனை வந்து எல்லாரையும் கொன்னுட்டு இருந்தது. வாசல்ல ரிப்பன். மேலே பேனர், அதுக்கு மேல பெட்ஷீட் போட்டு மூடி வெச்சிருந்தோம்.

நான் அரக்குப் பட்டுல போயிருந்தேன். பேனர் எழுத்தும் அரக்கு. மேட்சிங். இதுக்கு மேல வெக்கங்கெட்டு ஒருத்தி அலட்டிக்க முடியாது.

முருகேசன் கயித்தை இழுத்தார். பெட்ஷீட் விழுந்துது.

கைதட்டல்! வெள்ளை வெளேர்னு பன்னெண்டு அடி பேனர்ல, 'உமா போல்ட்' ஒவ்வொரு எழுத்தும் ஆள் அகலத்துக்கு நின்னுது.

"அபாரம்மா! அந்தக் காலத்து கவர்மென்ட் ஆஃபீஸ் போர்டு மாதிரி என்ன கம்பீரம்!"னு லிவர்மோர் கோவில்ல இருந்து நேரா வந்திருந்த ஒரு அங்கிள் சொன்னார்.

"தேங்க்ஸ் அங்கிள். அது எப்படின்னா, கீழே பாதம் இருக்கு பாருங்க, அதுக்குப் பேரு செரிஃப்…"னு ஆரம்பிச்சேன்.

அப்பதான் அந்தக் கட்டைக் குரல் கேட்டது.

நாகம்மாள் அம்மா ரிப்பன் முன்னாடி, கையில கத்தரிக்கோலோட, தலையை அண்ணாந்து பார்த்துட்டு நின்னாங்க. அமெரிக்கா வந்து முதல் தடவையா கிடைச்ச தமிழ் போர்டு. விடுவாங்களா? ஒரு எழுத்து விடாம, விரலை ஆட்டி ஆட்டி, எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க.

"ந…"

"ர…"

"க…"

"ம்…"

கொஞ்சம் நிறுத்தினாங்க. மறுபடியும் முதல்ல இருந்து.

"ந, ர, க, ம். நரகம். ம, ர, ள். மரள். நரகம்… மரள்."

கூட்டமே அண்ணாந்து பேனரைப் பார்த்துது.

"ஏ முருகேசா! யாருடா அது நரகம்மரள்?"

நான் பேனரைப் பார்த்தேன். ஆறு மாசமா பார்த்த எழுத்தை முதல் தடவையா படிச்சேன்.

விஷயம் இதுதான். துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் உள்ள வித்தியாசமே கீழே இருக்கற அந்தச் சின்ன கால்தான். அது இருந்தா 'ர'. இல்லேன்னா துணைக்கால். நாம எல்லாம் கையால எழுதும்போது ரெண்டையும் ஒரே மாதிரி கிறுக்கி, ஒரே பார்வையில வார்த்தையைப் பிடிச்சுடறோம். அதனால யாருக்கும் தெரியலை. எனக்குத் தெரியலை. முருகேசனுக்குத் தெரியலை. அந்தப் பார்க்கிங் லாட்ல டிகிரி வாங்கின அத்தனை பேருக்கும் தெரியலை.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரே ஆளு அவங்கதான். எழுதியிருந்ததை அப்படியே படிச்ச ஒரே ஆளும் அவங்கதான்.

சரி, ஒருத்தர் படிச்சாச்சு. அப்புறம் கேக்கணுமா? எல்லாரும் வாசல்ல கொடுத்திருந்த மெனு கார்டைப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுவும் 'உமா போல்ட்'தான்.

"சரதர… தேரசை!"

"இங்க பாரு, சரம்பரர்!"

"பேரண்டரவாம்! போண்டா எப்படி இருக்கு பாரு!"

"பரயரசம்! ஐயோ, என்னால முடியலை!"

எனக்குக் காது சுட்டுது. "அது தப்பு இல்லை, அது வந்து… செரிஃப்"ன்னேன்.

"என்னது, சிரிப்பா?"ன்னு யாரோ பின்னாடி இருந்து கேட்டாங்க. அவ்வளவுதான். கூட்டம் மொத்தமா விழுந்து விழுந்து சிரிச்சுது.

கம்பீரம்னு சொன்ன அங்கிள் மெதுவா, "நான் அப்பவே நெனைச்சேன். ஏதோ இடிக்குதேன்னு"ன்னார்.

ஆனா நாகம்மாள் அம்மா சிரிக்கலை. கத்தரிக்கோலை முருகேசன் கையில கொடுத்தாங்க. முந்தானையை இழுத்து இடுப்புல சொருகினாங்க.

"செத்தப்புறம் நான் எங்க போவேனோ, அது எனக்கும் எமனுக்கும் உள்ள வழக்கு. அதைக் கடை வாசல்லயே எழுதி வெப்பீகளா? எம் பேரு எம் பேரா ஆகாம உள்ளே காலை வைக்க மாட்டேன்."

"அம்மா, நல்ல நேரம் பத்தரையோட முடியுதும்மா. கூட்டம் பசியில நிக்குது. ரெண்டு நாள்ல மாத்திடலாம்"னு முருகேசன் கெஞ்சினார்.

"நிக்கட்டும். அம்பது வயசுல சிலேட்டுப் பிடிச்சு, முதமுதல்ல எழுதிப் பழகுனது இந்தப் பேருதான். எத்தனை நாள் அழிச்சு அழிச்சு எழுதியிருப்பேன்? அதுல கை வெப்பாளா இவ?"

'இவ' நான்தான்.

எனக்கு அழுகை வர்ற மாதிரி இருந்தது. முருகேசன் வேலையை விட்டுட்டுப் போட்ட கடை. அந்த அம்மா முதல் தடவையா தன் பேரைப் பெரிசா பார்க்கற நாள். ரெண்டையும் ஒரே ஃபாண்ட்ல கெடுத்தாச்சு. மணி பத்து அடிக்க அஞ்சு நிமிஷம்.

அப்பதான் சேகர் கார் டிக்கியில இருந்து ஓடி வந்தார். கையில ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்.

"யாருக்கு அடி?"ன்னேன்.

"உன் எழுத்துக்கு. இதுல வெள்ளை டேப் இருக்கு. பேனரும் வெள்ளை. காலை மறைச்சுடுவோம்."

இருபது வருஷத்துக்கும் மேல ஆச்சு. அந்த மனுஷன் மேல எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனா அந்த நிமிஷத்தை நெனைச்சு எல்லாத்தையும் மன்னிச்சுக்கிட்டே வர்றேன்.

கடையில ஒரு ஏணி இருந்தது. நான் செஞ்ச தப்பு, நான்தான் ஏறணும்னு பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஏறினேன். சேகர் அந்தப் பக்கம் ஒரு டேபிள், அது மேல ஒரு நாற்காலி போட்டு ஏறினார். நான் மேல் வரி, அவர் கீழ் வரின்னு பிரிச்சுக்கிட்டோம்.

முதல் கால். அளவு பார்த்து டேப்பை வெட்டி ஒட்டினேன்.

"இன்னும் அங்கிட்டு!"ன்னு கீழே இருந்து உத்தரவு. "நுனி தெரியுது பாரு. ஆங்… அம்புட்டுதான்."

ரெண்டாவது கால். அதுவும் மறைஞ்சுது. நாகம்மாள் அம்மா மறுபடியும் விரலை ஆட்டினாங்க. "நா… க… ம்… மா… ள்."

முகத்துல லேசா ஒரு வெளிச்சம்.

அப்பாடான்னு நான் பெருமூச்சு விடறதுக்குள்ள, விரல் கீழ் வரிக்கு இறங்கிடுச்சு.

"ம… து… இதென்னடா இது?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஆர்வக் கோளாறுல, கீழ் வரியில கால்னு இருந்த அத்தனைக்கும் டேப் போட்டிருந்தார். காபியில இருந்த துணைக்காலுக்குச் சரி. ஆனா 'மதுரை'யில இருக்கறது நிஜமான 'ர'. நல்வரவுலயும் நிஜமான 'ர'. அதோட காலையும் சேர்த்து வெட்டிட்டார்!

நல்வரவு இப்போ 'நல்வாவு'. மதுரையைப் பத்தி என்ன சொல்ல? அதை வாயால சொல்லவே முடியாது.

"அடேய்! எங்க ஊரு காலை ஒடிச்சுப்புட்டானே!"ன்னு நாகம்மாள் அம்மா தலையில கை வெச்சுட்டாங்க. கூட்டத்துல மதுரைக்காரங்க நாலஞ்சு பேர் இருந்திருக்காங்க. அவங்களும் ஒரு அடி முன்னாடி வந்தாங்க.

"எல்லாத்துக்கும் கால் இருந்தா, எது நல்ல கால், எது கெட்ட கால்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"னு சேகர் நாற்காலி மேல நின்னு நியாயம் கேட்டார்.

"டேப்பைப் பிரிங்க! பிரிங்க!"ன்னு நான் கத்தினேன்.

பிரிச்சார். சர்ருன்னு வந்துது டேப். கூடவே பேனர் மையும் வந்துது. ரெண்டு 'ர'வோட காலும் இப்போ டேப்புல ஒட்டிட்டு இருந்தது.

மணி பத்து இருபது.

"மார்க்கர்! யார்கிட்டயாவது அரக்கு கலர் மார்க்கர் இருக்கா?"

ஞாயித்துக்கிழமை காலையில, கோவிலுக்குப் போயிட்டு, டிபன் சாப்பிட வந்தவங்ககிட்ட அரக்கு மார்க்கர் எப்படி இருக்கும்? நீல பேனா இருந்தது. குழந்தைங்களோட பச்சை க்ரேயான் இருந்தது. குங்குமம் வேணுமான்னு ஒரு மாமி கேட்டாங்க.

குங்குமம்னு கேட்டதும்தான் மூளையில பல்ப் எரிஞ்சுது. ஏணியை விட்டு இறங்கி ஓடி, என் ஹேண்ட்பேக்கைக் கவுத்தேன். புடவைக்கு மேட்சா வாங்கின லிப்ஸ்டிக். அரக்கு. அதே அரக்கு!

நாற்காலி மேல ஏறி, லிப்ஸ்டிக்கால ரெண்டு 'ர'வுக்கும் கால் வரைஞ்சேன். ஆறு மாசம் மௌஸைப் பிடிச்சு வரைஞ்ச எழுத்து. கடைசியில ரெண்டு நிமிஷத்துல உதட்டுச் சாயத்துல வரைஞ்சதுதான் எல்லாரும் படிக்கற மாதிரி இருந்தது.

"படிங்கம்மா"ன்னேன்.

நாகம்மாள் அம்மா அவசரப்படலை. மணி பத்து இருபத்தஞ்சு. அம்பது வயிறு கத்திட்டு இருக்கு. அவங்க நிதானமா, முதல் எழுத்துல இருந்து ஆரம்பிச்சாங்க. மேல் வரி முடிஞ்சுது. கீழ் வரி. "ம… து… ரை." கூட்டத்துல இருந்த மதுரைக்காரங்க விசில் அடிச்சாங்க. "டி… ப… ன். கா… பி." எல்லாரும் மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கறோம். "ந… ல்… வ… ர… வு."

தலையாட்டினாங்க.

"இப்ப சரி."

கத்தரிக்கோலை வாங்கி ரிப்பனை ஒரே வெட்டு. வலது காலை எடுத்து உள்ளே வெச்சப்போ பத்து இருபத்தெட்டு. முருகேசன் அப்படியே வாசப்படியில உக்காந்து முகத்தைத் துடைச்சுக்கிட்டார். கண்ணைத் துடைச்சாரா வியர்வையைத் துடைச்சாரான்னு நான் கேக்கலை. கேக்கற தகுதி அப்போ எனக்கு இல்லை.

உள்ளே போய் ஒரு மூலையில ஒளிஞ்சு உக்காந்தேன். நாகம்மாள் அம்மாவே இட்லித் தட்டோட வந்தாங்க.

"அம்மா, மன்னிச்சுக்கோங்க. உங்க பேரை…"

"சாப்புடுத்தா. சாம்பாரை ஊத்திக்க. எழுத்துன்னா ஆரம்பத்துல அப்படித்தான் கோணையா வரும். எனக்கும் 'ந' எழுத ஒரு மாசம் ஆச்சு. எத்தனாப்பு படிச்சிருக்க நீயி?"

"எம்.எஸ்ஸி. மேத்ஸ்ம்மா."

"பரவால்ல, பழகப் பழக வந்துரும்."

சேகருக்கு இட்லி புரைக்கேறிடுச்சு.

அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கடையில யாரும் சாதா தோசை கேக்கலை. எல்லாரும் சரதர தேரசைதான் கேட்டாங்க. ரெண்டு பேரண்டர பார்சல். ஒருத்தர் சீரியஸா முகத்தை வெச்சுக்கிட்டு, "பரயரசத்துல முந்திரி இருக்குமா?"ன்னார். முருகேசன், "நல்ல விளம்பரம் சிஸ்டர், ஊரே இதைத்தான் பேசுது"ன்னு என்னைத் தேத்தினார். எனக்கு ஒவ்வொரு ஆர்டரும் முதுகுல விழுந்துது.

திங்கக்கிழமை காலையில முதல் வேலையா கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். துணைக்காலைத் திறந்து அந்தப் பாதத்தை அழிச்சேன். ஒரே ஒரு க்ளிக். ஃபாண்ட் முழுக்க சரியாயிடுச்சு. ஆறு மாசம் செஞ்ச வேலையில, உருப்படியான காரியம் அந்த ஒரு செகண்ட்ல நடந்ததுதான்.

புது மெனு கார்டுக்கு ப்ரூஃப் எடுத்தேன். இந்தத் தடவை நான் செக் பண்ணலை. சேகரும் பண்ணலை. நேரா கடைக்குக் கொண்டு போய், நாகம்மாள் அம்மா முன்னாடி வெச்சேன்.

அடுப்பைச் சின்னதாக்கிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு உக்காந்தாங்க. இட்லியில ஆரம்பிச்சு, ஒவ்வொரு எழுத்தா, விரல் வெச்சு, முக்கால் மணி நேரம் படிச்சாங்க. ரெண்டு இடத்துல புள்ளி விட்டுப் போயிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. ஊத்தப்பத்துக்கு ஒரு 'ப்' கூடுதலா இருந்ததையும் கண்டுபிடிச்சாங்க. திருத்திக்கிட்டேன்.

கடைசியா, கார்டோட அடியில, பொடி எழுத்துல இருந்த ஒரு வரிக்கு விரல் வந்துது. 'எழுத்து வடிவமைப்பு: உமா'.

அதை மட்டும் ரெண்டு வாட்டி படிச்சாங்க. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாங்க.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இதை எடுத்துடுத்தா. யாவாரம் நடக்குற இடம்."

எடுத்துட்டேன்.